மச்சில் ஓட்டை எதற்கு?

ஒப்ராத் மேஸ்திரி மதிக்கிற ஆள் அந்த ஊரில் ஒருவர்தான் இருந்தார். அவர் பெயரும் ஒப்ராத்துதான். அதே வீட்டில்தான் குடியிருந்தார்.

மற்றவர்களையெல்லாம் அவரவர் கூரையைப் பார்த்தே அவர் தரம் பிரித்து வைத்திருந்தார். மருந்துக்கடைக்காரர், நல்ல ஓடுகளைக் கழற்றி எறிந்துவிட்டுத் தகரம் போட்ட மடையன். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், புகைபோக்கியைச் சுற்றி ஒழுகுகிறது என்று தெரியாமலே பத்து வருஷமாகச் சட்டியை மட்டும் மாற்றி மாற்றி வைக்கிற படித்த முட்டாள். தெருவில் எதிரே யாராவது வந்தால் மேஸ்திரி முகத்தைப் பார்க்கமாட்டார். தலைக்கு மேல் அந்த ஆளின் வீட்டு முகடு தெரிகிறதா என்று பார்ப்பார், பார்த்துவிட்டு மூக்கால் 'ப்ஹ்' என்று ஊதுவார். வணக்கம் சொன்னவனுக்கு அதுதான் பதில் வணக்கம்.

கேள்வி கேட்டால் இன்னும் மோசம். வேலை தெரியாதவன் வேலைக்காரனிடம் ஏன், எதற்கு என்று கேட்பதை அவர் தன் அப்பா பெயரைச் சொல்லித் திட்டியதாகவே எடுத்துக்கொள்வார். வாயில் வருவதைச் சொல்லி அனுப்புவார். கேட்டவன் அவமானப்பட்டுப் போவான்; கூட இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். இப்படிச் சிரித்தவர்களும் பிறகு ஒருநாள் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். டீசா ஆற்றோரத்து ஜனங்களுக்குச் சூடு, சொரணை இரண்டும் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறும்.

இத்தனைக்கும் வேலையில் குறை சொல்ல முடியாது. ஊருக்கே எரிச்சல் அதுதான். திமிர் பிடித்தவன் வேலையும் தெரியாதவனாக இருந்துவிட்டால் எவ்வளவு நிம்மதி! முப்பத்தைந்து வருஷத்தில் அவர் போட்ட கூரை எதுவும் ஒழுகியதில்லை.

அதனால்தான் தேவாலயக் கூரை தனக்குத்தான் என்று அவர் முடிவே கட்டியிருந்தார். இருநூறு வருஷத்துக் கூரை. மரமெல்லாம் கருவாலி. பதினாறு வயதில் தொழில் பழகப் போன முதல் நாளிலிருந்து அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அது ஒன்றைப் பார்க்கும்போது மட்டும் மூக்கால் ஊதியதில்லை. வரும் கோடையில் பிரித்துப் போடுவதாகத் தேவாலய சபை தீர்மானித்துவிட்டது. யாரிடம் கொடுப்பது என்பது மட்டும்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை சபை கூடுகிறது.

சபை கூட இரண்டு நாள் இருக்கும்போதுதான் மிலுங்காவின் வீட்டு உள்கூரை ஒழுக ஆரம்பித்தது.

மிலுங்கா தபால் ஆபீஸில் முத்திரை குத்துகிறவள். அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் அதற்குத் தபால்தலை ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை. காலையில் சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றவளிடம், "ஒப்ராத் மேஸ்திரி போட்ட கூரை அழுகிப்போச்சுடி. ஒம்போது வருஷம்கூட ஆகல" என்றாள். மத்தியானத்துக்குள் மேஸ்திரியின் மனைவிக்கே ரொட்டிக்கடையில் யாரோ துக்கம் விசாரித்துவிட்டார்கள்.

சாயங்காலம் பாதிரியார் வந்தார். அர்செனியே என்று பெயர். வயதில் சின்னவர், தாடி மட்டும் பெரியது.

"மேஸ்திரி, சபையில எல்லாரும் கேக்குறாங்க. நானே வந்து கண்ணால பாத்துட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். உங்க பேர்ல தப்பில்லைன்னா கோயில் வேலை உங்களுக்குத்தான். தப்பிருந்தா பட்டணத்துலேருந்து நோவி சாத்காரங்களக் கூப்பிட வேண்டியதுதான்."

"நோவி சாத்காரனுங்களா? ப்ஹ்! அவனுங்களுக்குச் சுத்தியல எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னு தெரியுமா, சாமி?"

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு" என்றார் பாதிரியார்.

பிப்ரவரி மாதக் கடைசி. இரண்டு மாதமாக இறுகிக் கிடந்த பனி அந்த வாரம்தான் இளக ஆரம்பித்திருந்தது. சனிக்கிழமை காலை மேஸ்திரியும் பாதிரியாரும் மிலுங்கா வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கதவு ஒரு சாண் அளவுக்கு மட்டும் திறந்தது.

"சீக்கிரம் வாங்க, சீக்கிரம்! கதவ மூடுங்க! பின்கட்டுச் சன்னல் சரியா சாத்தல, ப்ரோமாயா அடிச்சிடும்!"

எதிரெதிரே இரண்டு பக்கம் திறந்திருந்தால் குறுக்கே பாய்கிற காற்று இருக்கிறதே, அதற்குத்தான் இந்தப் பெயர். அந்த ஊரில் போரிலிருந்து தப்பித்தவர்கள் உண்டு, வெள்ளத்திலிருந்து தப்பித்தவர்கள் உண்டு. ப்ரோமாயாவிலிருந்து தப்பித்ததாக யாரும் சொல்லிக்கொள்ளமாட்டார்கள். கழுத்து பிடித்தால் அது. காது வலித்தால் அது. குழந்தை பிறக்கவில்லை என்றாலும் அதுவாக இருக்கலாம். நாற்பது டிகிரி வெயிலில் பேருந்தில் வெந்து சாவார்களே தவிர, இரண்டு பக்கச் சன்னலையும் ஒரே நேரத்தில் திறக்க விடமாட்டார்கள். டாக்டர்களும் இந்த ஊரில் பிறந்தவர்கள்தானே, அவர்களும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

உள்ளே குளியலறை மாதிரி ஆவி. அடுப்பில் பெரிய பானையில் புளித்த முட்டைக்கோஸ் காலையிலிருந்து வெந்துகொண்டிருந்தது. மேலே கட்டிய கயிற்றில் துணி காய்ந்தது. சன்னல்களின் இடுக்குகளில் துண்டைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள். மிலுங்காவின் கணவர் வெலிமிர், கழுத்தில் கம்பளி சுற்றிக்கொண்டு, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார். மேசைக்கு நேர் மேலே பழுப்பு நிறத்தில் பெரிய கறை. கீழே வைத்த பிளாஸ்டிக் தொட்டியில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

மிலுங்கா வழக்கப்படி ஆளுக்கொரு கரண்டி சீமைமாதுளை ஜாமும் ஒரு தம்ளர் தண்ணீரும் நீட்டினாள். பாதிரியார் வாங்கிக்கொண்டார். மேஸ்திரி கரண்டியைப் பார்க்கவில்லை, கறையைத்தான் பார்த்தார்.

"வந்தவங்க சாப்பிடுற வழக்கமாச்சே, மேஸ்திரி" என்றார் வெலிமிர்.

"நான் வந்தது விருந்துக்கில்ல. உங்க ரெண்டு பேர் வாயையும் அடைக்க. ஏணி எங்க?"

பின்கட்டில் மச்சுக்குச் செங்குத்தான மரப்படி. மேலே ஒரு மூடி. மேஸ்திரி முன்னே ஏறினார். பாதிரியார் அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினார். "நானும் வர்றேன். என்னப் பத்தி என்ன சொல்றீங்கன்னு கேக்கணும்ல" என்று மிலுங்காவும் கிளம்பினாள்.

மேலே காலை வைத்ததுமே மேஸ்திரி மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். மச்சு நாறியது. காளான் நாற்றம். ஒன்பது வருஷத்துக்கு முன் அவர் கையால் வரிசையாக அடித்த பலகைகள், தேன் நிறத்தில் இருந்தவை, இப்போது கறுத்துக் கிடந்தன. பலகைக்கு மேல் தார்க்காகிதம், அதற்கு மேல் ஓடு. மழை ஒரு பொட்டு இறங்க வழியில்லை. ஆனால் பலகைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த ஆணி முனை ஒவ்வொன்றிலும் ஒரு துளி தொங்கியது. பனிக்காலம் முழுக்க அங்கே உறைந்திருந்தது, இப்போது இளகிச் சொட்டுகிறது. தரையில் விரித்த கண்ணாடிப் பஞ்சு நனைந்த கம்பளி மாதிரி அமுங்கிப் போயிருந்தது. அது இனி எந்தக் குளிரையும் தடுக்காது.

அவர் ஓரத்துக்குத் தவழ்ந்து போனார். கைமரங்களின் அடி வந்து உட்காருகிற, சுவர்மேல் படுக்கப் போட்ட மரத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போனது.

"அழுகியிருக்கா?" என்றார் பாதிரியார், பின்னாலிருந்து.

மேஸ்திரி திருப்புளியை மெதுவாக உருவினார். தேவாலயத்துக் கருவாலி உத்திரங்கள் ஒவ்வொன்றாக நோவி சாத் லாரியில் ஏறிப் போவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. பயந்தே போனார். பயந்து அவருக்குப் பழக்கமில்லை.

அப்போதுதான் விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்தார். இறவாரத்தில், இரண்டு பக்கமும் நீளமாக அவர் விட்டிருந்த இடுக்கு முழுக்க மஞ்சளாக எதுவோ உப்பியிருந்தது. டப்பாவிலிருந்து பீச்சி அடிக்கிற நுரை. காய்ந்து கல்லாகியிருந்தது. திரும்பி முக்கோணச் சுவரைப் பார்த்தார். அங்கே பறவை வராமல் கம்பி வலை அடித்து அவர் விட்டிருந்த இரண்டு வட்ட ஓட்டைகள். இரண்டு ஓட்டையிலும் அதே நுரை, வலையையும் விழுங்கிக்கொண்டு, இரண்டு பெரிய காளான்களைப் போலப் புடைத்து நின்றது.

மேஸ்திரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வரும்போது வாயையும் கூட்டிக்கொண்டு வந்தது.

"சாமி! இங்க வாங்க, பாருங்க! நல்லாப் பாருங்க! என் கூரை அழுகலை சாமி, கூரைய மூக்கையும் வாயையும் பொத்திக் கொன்னிருக்காங்க! ஒண்ணு விடல, எல்லா ஓட்டையும் அடைச்சாச்சு! ஏம்மா, இந்த நுரை அடிச்ச மகா புத்திசாலி யாரு? நீயா, கீழ கம்பளி சுத்திக்கிட்டு முட்டை அடைகாக்குதே அதுவா?"

"நான்தான்" என்றாள் மிலுங்கா. மேலேறிய மூச்சு வாங்கல் இன்னும் அடங்கவில்லை. "ஏழு டப்பா வாங்கி நானே அடிச்சேன்."

"கேட்டீங்களா சாமி! ஏழு டப்பா! ஒரு டப்பா மூளை இருந்திருந்தா ஏழு டப்பா நுரை மிச்சம். எவன் உன்ன அடைக்கச் சொன்னான்?"

"நீங்கதான் சொன்னீங்க."

மேஸ்திரி சிரித்தார். மச்சில் அந்தச் சிரிப்பு நன்றாகவே எதிரொலித்தது. "நானா? நான் விட்ட ஓட்டைய நானே அடைக்கச் சொன்னேனா?"

"அடைக்கச் சொல்லல. எதுக்குன்னு சொன்னீங்க." மிலுங்கா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். "வேலை முடிஞ்ச அன்னிக்கு, முற்றத்துல நின்னுக்கிட்டு நான் கேட்டேன். 'மேஸ்திரி, இவ்வளவு அழகா மூடிட்டு, சுவர்ல எதுக்கு ரெண்டு ஓட்டை விட்டிருக்கீங்க?' உங்க ஆளுங்க ரெண்டு பேரு, பக்கத்து வீட்டு ராத்மிலா, எல்லாரும் நிக்கிறாங்க. நீங்க என்ன சொன்னீங்க தெரியுமா? 'ப்ரோமாயா உள்ள வந்து உன் புருஷன் மூஞ்சியத் திருகிட்டுப் போறதுக்கு'ன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

மேஸ்திரிக்கு ஞாபகம் இல்லை. ஆனால் சொல்லியிருப்பார். அந்த வாசகத்தில் அவர் குரல் இருந்தது.

"அது ஆகஸ்ட் மாசம்" என்றாள் மிலுங்கா. "நவம்பர்ல ஒருநாள் காலையில வெலிமிர் எந்திரிக்கிறாரு, மூஞ்சி ஒருபக்கமா இழுத்துக்கிச்சு. வாய் இங்க, கண்ணு அங்க. தண்ணி குடிச்சா வழியுது. ஆறு வாரம். டாக்டரு நரம்புன்னாரு. எனக்குத் தெரியாதா? கூரை போட்ட மேஸ்திரியே வாயால சொன்னதாச்சே! அன்னிக்குச் சாயங்காலமே போய் நுரை வாங்கினேன்."

பாதிரியார் தாடியைத் தடவிக்கொண்டு மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி நுரையைப் பார்த்தார்.

"அது கிண்டலும்மா" என்றார். "கிண்டல் தெரியாதா உனக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்க கிண்டல் பண்ணாம பேசி நான் கேட்டதில்லையே. எது கிண்டல், எது நெசம்னு பாத்துக்க, ரெண்டும் வேணும்ல?"

மேஸ்திரி இடுப்பிலிருந்து கத்தியை உருவிக்கொண்டு முக்கோணச் சுவருக்குப் போனார். முதல் ஓட்டையின் நுரையில் கத்தியை இறக்கி, சுற்றி அறுத்து, பிடுங்கினார். பெரிய மஞ்சள் கட்டியாகக் கையோடு வந்தது. பிறகு எதிர்ப்பக்கம் தவழ்ந்து போய் இறவாரத்து இடுக்கில் ஒரு முழம் அளவுக்கு வெட்டி எடுத்தார். உடனே காற்று பாய்ந்தது. ஒன்பது வருஷமாக வெளியே காத்திருந்த காற்று. பாதிரியார், வேதம் படித்தவர்தான், அங்கியின் கழுத்துப் பட்டையைச் சட்டென்று தூக்கி விட்டுக்கொண்டார்.

மேஸ்திரி அதைப் பார்க்காத மாதிரி பேசினார். குரல் கரகரத்தது, பழக்கமில்லாத வேலை செய்கிறவனின் குரல்.

"கீழ சமைக்கிற, துணி காயப்போடுற, மூச்சு விடுற. அந்த ஆவியெல்லாம் உள்கூரை வழியா மேல வந்துடும். இங்க குளிரு, அதனால பலகையில பட்டுத் தண்ணியாயிடும். காத்து இந்த இறவாரத்துல நுழைஞ்சு அந்த ஓட்டை வழியா போனா, ஆவியையும் தூக்கிட்டுப் போயிடும், மரம் காஞ்சு கிடக்கும். கீழ பஞ்சு விரிச்சிருக்கு. அதனால இந்தக் காத்து உங்க வீட்டுக்குள்ள இறங்காது. வெலிமிர் மூஞ்சிகிட்ட வராது."

மிலுங்கா கேட்டுக்கொண்டிருந்தாள். மேஸ்திரி நிறுத்திய பிறகும், இன்னும் வரும் என்று கொஞ்சம் காத்திருந்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. எனக்கே புரியுதே."

காற்றில் வெங்காயச் சரங்கள் ஆடின. பாதிரியார் அந்தப் பக்கம் விளக்கைத் திருப்பினார். வெங்காயம் தொங்கிய ஆணிக்குப் பக்கத்தில், நடு உத்திரத்தில், தடித்த பென்சில் எழுத்து. கூரை போட்டவர்கள் பெயரையும் வருஷத்தையும் உத்திரத்தில் எழுதிவைப்பது அந்தப் பக்கத்து வழக்கம்தான். மச்சு ஏறி யார் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில் சிலர் கூட ஒரு வரி சேர்ப்பதும் உண்டு.

"அது ஒண்ணுமில்ல சாமி. தேதி" என்று மேஸ்திரி அவசரமாக நடுவே வந்தார். தலை ஒரு கைமரத்தில் மோதியது.

பாதிரியார் அதற்குள் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். பிரசங்கம் செய்து பழகிய குரல், வார்த்தைக்கு வார்த்தை தெளிவாக விழுந்தது. "இந்தக் கூரையைப் போட்டவன் ஒப்ராத். கீழே படுத்திருக்கும் கழுதைகள் செத்து நூறு வருஷம் ஆனாலும் இது நிற்கும்."

ஆணி முனையிலிருந்து ஒரு துளி பாதிரியாரின் தாடியில் விழுந்தது.

"அது பழசு சாமி" என்றாள் மிலுங்கா. அவள் குரலில் கோபம்கூட இல்லை. "வெங்காயம் எடுக்க வரும்போதெல்லாம் படிக்கிறதுதான். நான் போஸ்டாபீஸ்காரி, இதவிடக் கேவலமான கையெழுத்தெல்லாம் படிச்சுப் பழக்கம். நுரை டப்பாவத் தூக்கிட்டு ஏறினேன்ல, அன்னிக்குத்தான் முதல்ல பாத்தேன். அடைக்கலாமா, கூடாதா, மேஸ்திரி வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்திடலாம்னு ஒரு நிமிஷம் நெனச்சேன். படிச்சதும் விட்டுட்டேன். கழுதை போய் என்னத்தக் கேக்குறது? எடுத்து அடிச்சேன்."

மேஸ்திரியின் காதுகள் சிவந்தன. மிலுங்காவைப் பார்க்க முடியவில்லை. பாதிரியாரையும் பார்க்க முடியவில்லை. பார்க்க மிச்சமிருந்தது கூரை ஒன்றுதான். அதுவோ அழுகியிருந்தது.

"மேஸ்திரி" என்றார் பாதிரியார், மெதுவாக. "கோயில் உத்திரத்துல என்ன எழுதுவீங்க? அங்க கீழ நிக்கிறது மொத்த ஊரு. என்னையும் சேத்து."

"சாமி, அங்க நான்..."

"உங்க கைவேலையில தப்பில்ல. நான் கண்ணால பாத்துட்டேன், சபையில அதையும் சொல்லுவேன். ஆனா அங்கயும் ஓட்டை விடணும், இல்லையா? இருபது இருக்குமா? முப்பது? மணியடிக்கிறவரு வந்து எதுக்குன்னு கேப்பாரு. மெழுகுவத்தி விக்கிற அம்மா கேக்கும். அவங்களும் ப்ரோமாயாவுக்கு நடுங்குறவங்கதான்." கழுத்துப் பட்டையை இறக்கி விட்டுக்கொண்டார். "நானும்தான். கேட்டா பதில் சொல்ற ஆளு வேணும் மேஸ்திரி எங்களுக்கு. நோவி சாத்காரங்களுக்கே எழுதிடறேன்."

இரண்டாவது தடவை சொல்லிப் பார்க்கலாம், கெஞ்சலாம். மேஸ்திரி இரண்டும் செய்யவில்லை. கெஞ்சத் தெரியாது, அதையும் எங்கேயாவது பழகியிருக்க வேண்டும். பதினாறு வயதிலிருந்து அண்ணாந்து பார்த்த கூரை, இரண்டு வரிப் பென்சில் எழுத்தில் போயிற்று.

அப்போது கீழேயிருந்து வெலிமிர் அலறினார். "எவன்டா மேல தொறந்தது? மிலுங்கா! காத்து வருது! ப்ரோமாயா! ப்ரோமாயா!" திடுதிடுவென்று படியேறி வரும் சத்தம். மச்சு மூடி படாரென்று விழுந்தது. அடியில் தாழ்ப்பாளும் போட்டார், புண்ணியவான்.

மூன்று பேரும் உள்ளே. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது. மிலுங்கா மூடியைக் காலால் உதைத்துக் கத்தினாள், "யோவ், தொறய்யா! சாமி உள்ள இருக்காரு!" கீழே பதிலில்லை. கம்பளியைக் காதுவரை ஏற்றியிருப்பார்.

மேஸ்திரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். வட்ட ஓட்டைக்குப் பக்கத்தில் கறுக்காத ஒரு பலகை இருந்தது. அதில் பெரிய எழுத்தில், 'மூடாதே' என்று எழுதினார். எழுதிவிட்டுப் பென்சிலைத் திரும்பச் செருகப் போனார்.

"எதுக்குன்னும் எழுதுங்க" என்றாள் மிலுங்கா.

மேஸ்திரியின் மூக்கு பழக்கதோஷத்தில் விரிந்தது. பாதிரியார் விளக்கைப் பலகைக்கு நேராகப் பிடித்தார். மேஸ்திரி மூக்கைத் துடைத்துக்கொண்டு, பென்சில் முனையை நாக்கில் தொட்டு, 'கீழே சமைக்கிற ஆவி' என்று ஆரம்பித்தார்.